துரு இல்லாத பஸ்

மெக்கானிக் இழைத்து இழைத்துப் புதுப்பித்த அந்தக் காலத்துப் பஸ்ஸை, வாங்க வந்தவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"சீட்டு மெத்துன்னு இருக்கே?"

"புது ஸ்பாஞ்சு சார்!"

"கதவு சத்தமே போடல?"

"கீல் மாத்திட்டேன்."

"துரு?"

"பொட்டுத் துரு இருந்தா மீசைய எடுத்துடறேன்!"

வந்தவர் உதட்டைப் பிதுக்கினார். மெக்கானிக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருகிற ஒவ்வொருவனும் இப்படித்தான். போதாததற்கு ஜன்னலிலிருந்து மனைவி வேறு, "வீட்டுக் குப்பையில பாதிய காலையிலயே ஒழிச்சுக் கட்டிட்டேன். மீதி இந்தப் பஸ்தான்!" என்றாள்.

"என்னதான் குறைன்னு வாயத் தொறந்து சொல்லுங்க சார்!"

"என் ஓட்டல பழைய பஸ் மாதிரி ஜோடிக்கப் போறேன். பாத்ததும் பழசுன்னு தெரியணும். இதுலேருந்து கழட்டின துருப்பிடிச்ச தகரம், கிழிஞ்ச சீட்டெல்லாம் இருக்கா? பஸ்ஸுக்குச் சொன்ன விலையே தரேன். பஸ்ஸ நீங்களே வெச்சுக்குங்க!"

"மலையா குவிச்சு வெச்சிருக்கேன், வாங்க!"

மெக்கானிக் கொல்லைப்புறம் ஓடினார். கொல்லை துடைத்துவிட்டாற்போல் இருந்தது.

பின்னாலேயே வந்த மனைவி பெருமையாகச் சொன்னாள்: "சும்மா கொடுத்தாலும் வேணாம்னான் பழைய இரும்புக்காரன். கெஞ்சிக் கூத்தாடி ஏத்தி அனுப்பினேன்!"