நீலக் கழுத்துப் புறா

சடையனின் சட்டைப் பித்தானுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மைக்கைக் குத்திவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அன்றைக்கு மேடையில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டாள் சௌமியா.

நாற்பது வருடமாக ராசிபுரம் சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் மைக் செட் கட்டிய மனிதர். மைக்கைக் கண்டு பயந்தது இப்போதுதான்.

பத்தடி தள்ளி ஜெர்ரி, பிளாஸ்டிக் நாற்காலியில், கையில் செபமாலையோடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றித்தான் படம். அதற்காகத்தான் சௌமியா சென்னையிலிருந்து கேமராவோடு இந்தக் கல்லூரி மைதானத்துக்கு வந்திருந்தாள்.

இப்போது பார்த்தால் நம்ப மாட்டீர்கள். ஒரு காலத்தில் 'அயர்ன் லாரி' என்ற சேலம் ராக் குழுவின் கிட்டார்காரர் அவர். இடுப்பு வரை முடி. அவர் வாசித்தால் பக்கத்துப் பண்ணையில் கோழிகள் முட்டையை நிறுத்திவிடுகின்றன என்று பண்ணைக்காரர்கள் புகார் கொடுத்ததுண்டு.

இருபத்தேழு வருடத்துக்கு முன்னால், இதே மைதானத்தில், ஒரே சாயங்காலத்தில் ஆள் மாறிவிட்டார்.

எப்படி மாறினார் என்பதைத் தியானக் கூட்டங்களில் அவரே சாட்சியாகச் சொல்லுவார். மேச்சேரியிலிருந்து பரமத்தி வேலூர் வரை அதைக் கேட்காத ஆள் கிடையாது.

தூறலில் வாசித்துக்கொண்டிருந்தாராம். கண் கூசும் ஒளி. அதற்குள்ளிருந்து வெள்ளைப் புறா ஒன்று இறங்கி, இறகால் அவர் கன்னத்தைத் தொட்டதாம். மகனே, விட்டுவிடு என்று ஒரு குரல் கேட்டதாம்.

விட்டுவிட்டார். கிட்டாரை, குடியை, முடியை.

அதைக் கேட்டுத் திருந்தியவர்கள் ஏகப்பட்ட பேர். சடையனின் மச்சான் சென்னிமலைக்குக் கோவில் வேறு, சாமி வேறு. இருந்தும் அந்தப் புறாவைக் கேட்டதிலிருந்து ஒன்பது வருடமாகப் பாட்டிலைத் தொடவில்லை.

சடையனுக்குத் தெரிந்தது வேறு.

அன்று இங்கே மைக் செட் கட்டிய அவசரத்தில் சடையன் எர்த் கம்பியைப் போடவில்லை. தூறல் விழுந்ததும் கிட்டாரில் கரண்ட் ஏறிவிட்டது. ஜெர்ரி கிட்டாரோடு ஒட்டிக்கொண்டு உதறினார். கூட்டம் அதைப் புது ஆட்டம் என்று நினைத்து விசிலடித்தது.

சடையன் மட்டும் மேடைக்கு ஓடினார். கைக்குக் கிடைத்தது காலில் கிடந்த ரப்பர் செருப்பு. அறுந்த வாருக்கு ஊக்கு குத்தியிருந்த இடது கால் செருப்பு.

கைக்குக் குறி வைத்த முதல் அடி கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது அடியில் கிட்டார் தெறித்துப் போனது. விடுறா என்பதோடு சேர்த்து அவர் கத்தின வார்த்தையை நான் எழுத மாட்டேன் கண்ணுகளா, சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் இருப்பீர்கள்.

அந்தக் களேபரத்தில் செருப்பு தொலைந்தது. ஒற்றைச் செருப்போடுதான் வீடு போய்ச் சேர்ந்தார்.

இப்போது கேமரா சடையனையே பார்த்துக்கொண்டிருந்தது.

எதிரே மேசையில் ஜெர்ரியின் பழைய சாமான்கள். கொண்டுவரச் சொல்லி சௌமியா கேட்டிருந்தாள். ஆணி பதித்த பெல்ட், ஒரு கேசட், அறுந்த கிட்டார் கம்பி. செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை மட்டும் ஜெர்ரி எடுத்து வைக்காமல் பையிலேயே விட்டிருந்தார்.

உண்மையைச் சொன்னால் எர்த் கம்பி சமாசாரம் வெளியே வரும். வரட்டும், இந்த வயதில் யார் என்ன செய்துவிடப் போகிறார்கள். ஆனால் புறா போய்விடுமே. ஜெர்ரியின் இருபத்தேழு வருடமும் ஒரு செருப்படியாகிவிடுமே. சென்னிமலை பொழுது சாய்வதற்குள் கடை வாசலில் நிற்பானே.

சடையன் கேமராவைப் பார்த்துச் சொன்னார்.

"பாத்தனுங்க அம்மிணி. வெள்ளப் புறாங்க. கழுத்துல நீலமா ஒரு கோடு இருந்துச்சுங்க."

ஜெர்ரி கண்ணைத் திறந்தார்.

அவருடைய சாட்சியில் இத்தனை வருடமாக நீலமே கிடையாது.

சௌமியாவுக்குப் புல்லரித்துவிட்டது. அடுத்து நீங்கள்தான் என்று ஜெர்ரியிடம் சொல்லிவிட்டு, கேமராவைத் திருப்பி வைக்கப் போனாள்.

ஜெர்ரி பையோடு எழுந்து வந்தார். பொட்டலத்தை எடுத்துச் சடையனின் மடியில் வைத்தார்.

பிரித்தால், குதிகால் தேய்ந்த வெள்ளை ரப்பர் செருப்பு. நீல வார். வாரில் ஊக்கு. துருப்பிடிக்காமல், எண்ணெய் போட்டுத் துடைத்த ஊக்கு.

ஜெர்ரி குரலைத் தாழ்த்தினார்.

"செருப்புன்னு சொன்னா சனம் சிரிச்சுப்போடும்னு புறான்னு சொல்லிட்டனுங்கண்ணா. சொன்ன நாள்லருந்து உறுத்துது. இன்னைக்குக் கேமரா முன்னால இதக் காட்டி உண்மைய ஒத்துக்கலாம்னுதான் கொண்டாந்தேன். நீங்களே பாத்தேன்னு சொன்னப்புறம் நான் இனி என்னத்தச் சொல்றதுங்க?"

சடையன் சுற்றிலும் பார்த்தார். யாரும் பார்ப்பதற்குள் செருப்பைச் சட்டைக்குள் செருகிக்கொள்ளலாம் என்று குனிந்தார்.

பித்தானுக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன மைக் அப்படியே இருந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நாற்பது வருடத்தில் ஒரு மைக்கை அணைக்க மறந்தவர் இல்லை.

நிமிர்ந்தார். கேமராவுக்குப் பக்கத்தில் சௌமியா ஹெட்போனை ஒரு கையால் காதோடு அழுத்திக்கொண்டு, அசையாமல் நின்றாள்.

அவள் மெதுவாக நடந்து வந்தாள். சடையனின் சட்டையிலிருந்து மைக்கைக் கழற்றி, ஜெர்ரியின் சட்டையில் குத்தி, நாற்காலியைக் காட்டினாள்.

ஜெர்ரி போய் உட்கார்ந்தார். சிலுவை போட்டுக்கொள்ள நெற்றி வரை போன கை, தலையைச் சொறிந்துவிட்டு இறங்கிவிட்டது.

சௌமியா தொண்டையைச் செருமிக்கொண்டாள். அந்தப் புறாவின் கழுத்தில் இருந்தது எந்த மாதிரி நீலம் என்று கேட்டாள்.

ஜெர்ரி சடையனைப் பார்த்தார்.

சடையன் தன் மடியைப் பார்த்தார்.