கமலவேணி இட்ட சாபம்

"அந்தப் பொம்பளை வீட்டுக்கா போறே? பட்டது போதாதா அண்ணே?"

சிறையிலிருந்து அன்றுதான் மலாக்காவின் காஜா பேராங்குக்குத் திரும்பியிருந்த சுப்பையனை, தங்கை சீதா வாசலிலேயே மறித்தாள்.

"ரெண்டு வருஷம் உன்னை ஊமையாக்கி வெச்ச ராட்சசி! இப்ப தெருவுல ஒருத்தர்கிட்டயும் பேச்சே கிடையாது. அவ்வளவு திமிர்!"

"அவங்க புருஷன் மேல பொய் சொன்னது யாரு? நான்தானே. வழி விடு."

மலாயாவில் வெள்ளைக்காரன் ஆட்சியின் அவசரகால நாட்கள் அவை. காட்டுக்குள் பதுங்கியிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொடுத்தால் சிறை. அரிசிக்கடையில் வேலை பார்த்த சுப்பையன், மிரட்டலுக்குப் பயந்து ஒரு மூட்டையைக் கொடுத்துவிட்டான். போலீஸ் வந்து நின்றதும், கூட வேலை பார்த்த நல்லையாவைக் கை காட்டினான்.

நல்லையாவைப் பிடித்துக்கொண்டு போன அன்றே, அவன் மனைவி கமலவேணி கடைவாசலில் நின்று ஒரு பிடி மண்ணை வாரித் தூற்றினாள்.

"பொய் சொன்ன வாய் அடைஞ்சு போகட்டும்!"

பதில் சொல்ல வாயைத் திறந்தான் சுப்பையன். வெறும் காற்றுதான் வந்தது.

பார்க்காத வைத்தியமில்லை. எழுதவும் தெரியாது. 'கையை ஆட்டி உண்மையைச் சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்?' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். ஆனாலும் சோறு இறங்கவில்லை. ஆள் பாதியாகிப் போனான்.

ஐம்பத்தாறு பிப்ரவரி. சுதந்திரத் தேதியை அறிவித்த அன்று, பண்டார் ஹிலிர் திடலில் ஊரே திரண்டு விடுதலை முழக்கமிட்டது. கூட்டத்தோடு கூட்டமாக அவனும் வாயைத் திறந்தான்.

"மெர்டேக்கா!"

தன் குரல் தன் காதில் விழுந்ததும், அப்படியே புல்லில் உட்கார்ந்து அழுதான்.

"சாமி மன்னிச்சிடுச்சு. இனிமேலாவது வாயை மூடிக்கிட்டு இரு" என்றாள் சீதா.

இரண்டு நாள் இருந்து பார்த்தான். மூன்றாம் நாள் காலையில் தானாகவே போலீஸ் நிலையத்துக்குப் போய், "அரிசி கொடுத்தது நான்தான்" என்றான்.

நல்லையா வெளியே வந்தான். சுப்பையன் உள்ளே போனான். ஒன்றரை வருஷம் கழித்து அவன் விடுதலையானபோது, நாடும் விடுதலையாகியிருந்தது.

கமலவேணி வீட்டுக் கதவைத் திறந்தது நல்லையா.

"வா தம்பி."

உள்ளே போன சுப்பையன், கமலவேணியின் காலில் விழுந்தான்.

"அக்கா, மன்னிச்சிட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவள் அவன் தோளைத் தொட்டு எழுப்பினாள். புன்னகைத்தாள். வாய் திறக்கவில்லை.

"இன்னும் கோபம் ஆறலையா அண்ணே?" சுப்பையன் நல்லையாவிடம் கேட்டான்.

"கோபமா? அவளால பேச முடியாதுப்பா. இட்ட சாபத்தைத் திருப்பி எடுத்தா, எடுத்தவ மேலயே இறங்கிடும். உனக்குக் குரல் வந்த நாளிலேருந்து அவ ஊமை."

சுப்பையன் கமலவேணியின் பக்கம் திரும்பினான்.

"அதுக்கு முந்தின வாரம் என்னைப் பார்க்க ஜெயிலுக்கு வந்தா. 'பொய் சொன்ன வாய்தானே உண்மையையும் சொல்லணும்? அதைப் போயி நானே அடைச்சு வெச்சுட்டேனே'ன்னு அழுதா. 'குரல் வந்தப்புறமும் அவன் சும்மா இருந்துட்டா என்ன பண்ணுவே?'ன்னு கேட்டேன்."

"அக்கா என்ன சொன்னாங்க?"

நல்லையா மனைவியை ஒருமுறை பார்த்தான்.

"'சொல்லுவான்'னு சொன்னா. அவ வாயிலேருந்து நான் கடைசியா கேட்ட வார்த்தை அதுதான் தம்பி."