ஸ்டாக் சோதனை

"மறுபடியும் ஃபெயில், காமாக்ஷி" என்றான் சுந்தரேசன்.

டெல்லி லோதி ரோடு ஆபீஸில் அந்த மாதம்தான் புதுச் சோதனை வந்திருந்தது. புரோகிராம் ஓடும்போது தகவல்களைத் தற்காலிகமாக அடுக்கி வைக்கும் இடத்துக்கு ஸ்டாக் என்று பெயர். அங்கே தகவல் இருக்கலாம். கட்டளை ஓடக் கூடாது. ஓட அனுமதி இருந்தால், வெளியாள் எவனாவது தன் கட்டளையைத் திணித்துவிடுவான். காமாக்ஷியின் புரோகிராமில் அனுமதி இருந்தது.

"வரி வரியாப் பாத்துட்டேன் சார். கூடச் சேர்க்கிற காமன் ஃபைல்ல ஏதாவது இருக்குமோ? எங்களை மாதிரி கான்ட்ராக்ட்காரங்களுக்கு அதைத் திறக்க பர்மிஷன் இல்லை."

"அதெல்லாம் வருஷக்கணக்கா ஓடறது. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

தமிழ் தெரிந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

அன்று மாலையே மேனேஜர் கபூர் அவளைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று ஹிந்தியில் மரியாதையாகச் சொல்லிவிட்டார். அவள் வேலை சுந்தரேசன் தலையில் விழுந்தது.

மறுவாரம் அவனுக்குப் போன் செய்தாள்.

"போன இடத்துல எல்லாம், ஏன் நிறுத்தினாங்கன்னு கேக்கறாங்க சார். பதில் சொல்லத் தெரியலை. இந்த வேலைக்கே நான் லாயக்கில்லையோன்னு தோணுது. என் தப்பு என்னன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்களேன்."

பாவமாக இருந்தது. அவளுடைய ஃபைல்களை ஒவ்வொன்றாக நீக்கிவிட்டுச் சோதித்தான். எல்லாவற்றையும் நீக்கிய பிறகும் ஃபெயில்.

மிச்சமிருந்தவை காமன் ஃபைல்கள். அவற்றில் ஒன்றில், ஸ்டாக்கில் எதுவும் ஓட வேண்டாம் என்று சொல்லும் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. ஒரு ஃபைலில் அது இல்லாவிட்டாலே போதும், மொத்த புரோகிராமுக்கும் அனுமதி வந்துவிடும்.

அது நாலு வருஷம் முன்னால் சுந்தரேசனே எழுதிய ஃபைல்.

வரியைச் சேர்த்தான். பாஸ்.

"ஷாபாஷ். அந்தப் பொண்ணால முடியாததை ஒரே நாள்ல முடிச்சுட்டே" என்று கபூர் முதுகில் தட்டினார். "தேங்க்ஸ் சார்" என்றான் சுந்தரேசன்.

சாயங்காலம் மறுபடி போன்.

"கண்டுபிடிச்சீங்களா சார்?"

"கவனக்குறைவுதான், காமாக்ஷி. அடுத்த இடத்துல ஜாக்கிரதையா இருங்க."



"தப்பை என் பக்கம் வெச்சுக்கிட்டு, காமன் ஃபைல் மேல பழி போட்டுட்டேன். மன்னிச்சுடுங்க சார்."