ஆமெனுக்கு முன்

டாக்டர் அருமைநாதன் பிரதமருக்காக ஜெபித்து முடித்தபோது அன்னம்மா கண்ணைத் திறந்தாள்.

ஜெபத்தின் நடுவில் கண் திறப்பது அந்த வீட்டில் திருட்டுக்குச் சமம்.

டாக்டர் சோபாவில் முகம் புதைத்து முழங்காலில் இருந்தார். அவர் மனைவி மனோரமா எப்போதும் பக்கத்திலேயே இருப்பவர், இன்றைக்கு என்னவோ தள்ளிப்போய் ஒரு கதிரையின் இருக்கையில் கைவைத்து முழங்காலிட்டிருந்தார். வேலைக்காரி அன்னம்மாவுக்கு இடம் கடைசியில், சமையல் நடக்கும் குசினியின் வாசலில்.

எழுபத்தாறாம் வருஷத்து ஜனவரி. தென்கோளத்து மல்கிரேவில் அது கோடைகாலம், இரவுச் சாப்பாடு முடிந்தும் வெயில் போகவில்லை. ஓடிப்போகிறவளுக்கு உதவாத வெளிச்சம்தான். ஆனால் அவளுக்கு வேறு நேரம் கிடையாது.

பகலில் டாக்டர் கிளினிக்குக் கிளம்பும்போது எல்லாக் கதவையும் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோய்விடுவார். மாலையில் வந்துதான் அதைக் குசினி ஆணியில் மாட்டுவார். படுக்கப்போகும்போது திரும்ப எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார்.

ஜெபத்தில் அவர் குறை வைக்கிற ஆளில்லை. பிரதமர், சபை மூப்பர்கள், சொந்த ஊரான ஈப்போவில் இருக்கும் தாயார், தன்னுடைய நோயாளிகள் என்று ஊர்வலம் போய்க் கடைசியில் அன்னம்மாவிடம் வந்து நிற்பார். வேலைக்காரியின் பெயர் வந்தால் ஆமென் வந்துவிட்டது என்று அர்த்தம்.

அதற்குள் அவள் தெருமுனையை அடைந்துவிட வேண்டும். அங்கே டாஃப்னி காரோடு நிற்பாள்.

டாஃப்னி சபைக் கூடத்தைக் கழுவித் துடைக்கிறவள். இந்த மண்ணின் பூர்வகுடிக் கறுப்பினப் பெண். சிறுமியாக இருந்தபோதே அரசாங்கத்தார் தாயிடமிருந்து பிடுங்கி, வேதம் சொல்லிக்கொடுத்து, ஒரு வெள்ளைக்கார வீட்டில் வேலைக்கு விட்டார்கள். இளமை முழுவதும் சம்பளமில்லாமல் துணி வெளுத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோப்பை கழுவும் சாக்கில், தெரிந்த இங்கிலீஷில் அன்னம்மா தன் கதையை அவளிடம் சொன்னாள். டாக்டர் தன் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டதைச் சொன்னாள். எஜமானுக்கு அடங்குகிறவளுக்குக் கூலி பரலோகத்தில் என்று டாக்டர் வாசித்துக் காட்டுவதையும் சொன்னாள். அதை அவள் நம்பித்தான் இருந்தாள். தரை துடைத்தாலும் கர்த்தருக்கென்று பாட்டுப் பாடித்தான் துடைத்தாள்.

வேலை கர்த்தருக்குத்தான், நானும் அப்படித்தான் வெளுத்தேன் என்றாள் டாஃப்னி. ஆனால் கர்த்தர் யாரையும் உள்ளே வைத்துப் பூட்டுகிறவர் இல்லையே என்றாள்.

டாக்டரின் ஜெபம் மூப்பர்களிடம் வந்தது. அன்னம்மா எழுந்தாள்.

ஆணியில் சாவி இல்லை.

டாக்டர் கண்டுபிடித்துவிட்டார், அவ்வளவுதான் என்று நினைத்தாள். திரும்பிப் போய் முழங்காலில் விழுந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

பிறகுதான் பார்த்தாள். சாவி பின்கதவிலேயே தொங்கியது. பூட்டு திறந்திருந்தது. கதவடியில் மனோரமாவின் சப்பாத்து, நுனி வாசலைப் பார்த்தபடி இருந்தது.

அன்னம்மாவின் சொந்தச் சப்பாத்தைச் சபைக்குப் போய் வந்ததுமே டாக்டர் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். வெறுங்காலோடு ஓடத்தான் அவள் துணிந்திருந்தாள்.

டாக்டரம்மா எனக்காக வைத்திருக்கிறார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று யோசிக்க நேரமில்லை. நன்றியில் கண் கலங்க, அவசரமாகக் காலை நுழைத்தாள்.

கதவைத் தொட்டபோது டாக்டரின் குரல் தாயாரைத் தாண்டியது. அப்புறம் நோயாளிகளை அம்போவென்று விட்டுவிட்டு ஒரே தாவலாக அன்னம்மாவுக்கு வந்துவிட்டது.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். வெளியே வேலிவரை மரம் செடி எதுவும் இல்லை. டாக்டர் எழுந்தால் முதலில் கண்ணில் படப்போவது குசினி வாசலில் காலியாகக் கிடக்கும் அவள் இடம்.

டாக்டர் ஆமென் சொல்ல வாயெடுத்தார்.

"ஆண்டவரே, அடியாளும் கொஞ்சம் ஜெபிக்கிறேன்."

அது மனோரமாவின் குரல். கணவர் முன்னால் அவர் வாய்விட்டு ஜெபித்து அன்னம்மா ஒருநாளும் கேட்டதில்லை. ஒருவர் ஜெபிக்கத் தொடங்கினால் அவரே ஆமென் சொல்லும்வரை மற்றவர் கண் திறக்கக் கூடாது. அந்த வீட்டில் அது டாக்டர் போட்ட சட்டம்.

அந்தக் குரல் தடுமாறித் தடுமாறிப் போய்க்கொண்டிருந்தது. நோயாளிகளுக்காக ஜெபித்தது. வழியில் இருக்கிறவர்களுக்காக ஜெபித்தது. வார்த்தை தீர்ந்துபோய், சொன்னதையே திரும்பச் சொன்னது.

அன்னம்மா ஓடினாள். சப்பாத்து பெரிது, ஒவ்வொரு அடிக்கும் குதிகாலில் அடித்தது. தெருவில் எல்லா ஜன்னலும் தன்னையே பார்ப்பதாகப் பட்டது. பின்னால் டாக்டர் கூப்பிடுகிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டே ஓடினாள். யாரும் கூப்பிடவில்லை.

டாஃப்னி காரின் எஞ்சினை ஓடவிட்டபடியே காத்திருந்தாள். முன்கதவும் பின்கதவும் திறந்திருந்தன. அன்னம்மா முன்னால் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, போகலாம் போகலாம் என்றாள்.

டாஃப்னி வண்டியை எடுக்கவில்லை. அவள் பார்வை தெருவிலேயே இருந்தது.

"வீட்டு மேடம் எங்கே? அவங்களும் வரேன்னு போன ஞாயித்துக்கிழமை எங்கிட்ட அழுதாங்களே?"

அன்னம்மா குனிந்து தன் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்தாள்.

அங்கே மனோரமா இன்னும் ஆமென் சொல்லியிருக்க மாட்டார்.