கொஞ்சம் சத்தமாக

விஷவாயு அலாரத்தைப் பொருத்தி முழுதாக மூன்று நாட்கள்கூட ஆகவில்லை. அதைக் கழற்றி வேறு இடத்தில் மாட்ட வேண்டும் என்று அந்த அம்மா மறுபடி போன் செய்திருந்தார்.

எலக்ட்ரீஷியன் ஏணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியேறினார். ஒரே படிக்கட்டில் இரண்டு வாசல்கள். நடுவில் ஒரு கரி மூட்டை வாய் பிரிந்து நின்றது.

இந்தக் குளிருக்குத் தெருவில் பாதிப் பேர் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கரிக் கணப்பு மூட்டிக்கொண்டுதான் படுக்கிறார்கள். சொன்னால் யார் காதில் ஏறுகிறது? இந்த அம்மாவாவது யோசித்து அலாரம் வாங்கினாரே என்று அன்றைக்கே அவர் நினைத்திருந்தார்.

படுக்கையறையில் எல்லாம் வைத்தபடி இருந்தது. ஒரு கட்டில், ஒரு தலையணை, கால்மாட்டில் மின்சார ஹீட்டர். அவர் அலாரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தார்.

"இங்க மாட்டிடுங்க தம்பி" என்று அந்த அம்மா பக்கச் சுவரின் உச்சியைக் காட்டினார்.

எலக்ட்ரீஷியன் நிமிர்ந்து பார்த்தார். கூரையில் சுண்ணாம்பில் செய்த வட்டப் பூ ஒன்று பாதிதான் தெரிந்தது. மீதி சுவருக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. நடுவில் பிற்பாடு எழுப்பிய அந்தச் சுவரும் கூரையை முழுதாகத் தொடவில்லை. விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி.

"அம்மா, நீங்க படுக்கறது உள்ரூம்ல. கதவைச் சாத்திட்டுப் படுத்தா, இங்க அடிக்கறது உங்களுக்குக் கேக்காதே."

"பரவால்ல. இங்கயே இருக்கட்டும்."

அவர் பொறுமையாக விளக்கினார். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூங்குகிற ஆள் அதை மூச்சில் இழுத்தால் தானாக எழுந்திருக்க மாட்டார். சத்தம்தான் எழுப்ப வேண்டும். அதனால் அலாரம் படுக்கைக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த அம்மா, "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க தம்பி" என்றார்.

எலக்ட்ரீஷியன் கையிலிருந்த அலாரத்தைப் பார்த்தார். காது மந்தம், தனி ஆள், அலாரமோ வீட்டின் மறுகோடியில். நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால், மாட்டிய கை தன் கை.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முழுவதும் சொன்னார். "என் மாமியார்கிட்டகூட இவ்வளவு சத்தமா பேசினதில்லம்மா" என்றார் கடைசியில். அந்த அம்மா லேசாகச் சிரித்தார்.

அவசரத்துக்குப் பக்கத்து வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று எலக்ட்ரீஷியன் கேட்டார்.

"இருக்காங்க. ஒன்பது வருஷமா பேச்சுவார்த்தை இல்ல."

அவர் ஏணியில் ஏறினார். உள்ரூமுக்கு இன்னொன்று வாங்கிவிடும்படி மேலிருந்தபடியே சொல்லிப் பார்த்தார். எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

அவர் சுவரில் துளை போட்டு முடித்து டிரில்லைக் கீழே கொடுத்தபோது, "தம்பி, உங்க போன்" என்றார் அந்த அம்மா. சட்டைப் பையில் மணியில்லாமல் அதிர்ந்துகொண்டிருந்த போனை எலக்ட்ரீஷியன் அப்போதுதான் கவனித்தார். வீட்டிலிருந்து மனைவி. அப்புறம் பேசலாம் என்று விட்டுவிட்டார்.

திருகுகளை முடுக்கிவிட்டுச் சோதனைப் பட்டனை அழுத்தினார். அலாரம் வீறிட்டது. அவருக்கே காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. அந்த அம்மா பொத்திக்கொள்ளவில்லை. சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிடுவது கேட்டது.

"மாசத்துக்கு ஒரு தடவை இப்படி அழுத்திப் பாத்துக்கங்க."

"சரி. நெஜமாவே அடிச்சா என்ன பண்ணணும்?"

போன தடவையே சொன்னதுதான். இருந்தாலும் ஏணியில் நின்றபடியே அவர் உரக்கச் சொன்னார். "கரி எரியற ரூம்ல படுக்கவே கூடாது. கணப்பை வெளிய வெச்சுட்டுத்தான் படுக்கணும். அலாரம் அடிச்சா, எதனாலன்னு தேடிட்டு நிக்காம உடனே வெளிய வந்துடணும். தலை வலிச்சாலோ, கிறுகிறுன்னு வந்தாலோ, அலாரம் அடிக்கற வரைக்கும்கூட இருக்கக் கூடாது."

"வெளிய வந்து?"

"யாரையாவது கூப்பிடணும். தனியா இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டணும்."

"அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க."

எலக்ட்ரீஷியன் மூச்சை இழுத்துக்கொண்டார். "பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டணும்!"

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் கனமான எதையோ தரையில் இழுக்கும் சத்தம். தாழ்ப்பாள் ஒன்று முரண்டு பிடித்துத் திறந்தது. வாசல் படியில் இரும்புக் கணப்புச் சட்டி ஒன்று 'ணங்' என்று உட்கார்ந்தது.

அவர் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பக்கம் யாரோ நாம பேசறதைக் கேட்டுட்டிருக்காங்கம்மா."

அதுவரை மெல்லிய குரலிலேயே பேசிக்கொண்டிருந்த அந்த அம்மா, கூரையோர இடைவெளியை அண்ணாந்து பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"கேக்கட்டும் தம்பி. அவ என் தங்கச்சி."