மற்ற மூன்று மூலைகள்

பட்டப்பகலில் சந்தை வாசலில் ஒரு லாரி, தையல்காரப் பெண்ணின் காலை நசுக்கிவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். முதலுதவி பயின்றிருந்த வேன் டிரைவர் ஓடி வந்து, தன் பெல்ட்டைக் கழற்றி அவள் தொடையை இறுக்கிக் கட்டினார். ரத்தம் நின்றது. வேனிலிருந்து ஒரு பலகையை எடுத்துவந்து அவளை அதில் படுக்கவைத்தார்.

“மூணு பேர் வாங்கய்யா! ஆளுக்கொரு மூலையப் பிடிங்க!”

ஐம்பது பேர் நின்றார்கள். ஐம்பது பேர் கையிலும் போன்.

“அண்ணே, கொஞ்சம் தள்ளிக்குங்க, முகம் மறைக்குது” என்றான் ஒருவன், ரத்தத்தை மிதித்துக்கொண்டே.

டிரைவர் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல், குனிந்தபடியே தன் மூலையைத் தூக்கினார். பலகை சமமாக எழுந்தது. மூன்று மனிதர்களாவது இருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ஊழியர்கள் அவளை இறக்கிக்கொண்டார்கள். அவள் பிழைத்துவிட்டாள்.

சாயங்காலம் மனைவி போனை நீட்டினாள். “ஏங்க, இதுல நீங்க ஒருத்தர்தானே தூக்குறீங்க?”

வீடியோவில் ஒரு மூலையில் அவர் இருந்தார். மற்ற மூன்று மூலைகளிலும் யாரும் இல்லை. பலகை சாயாமல் வேனை நோக்கி நகர்ந்தது. கூட்டம் போனைத் தாழ்த்தாமலே, நாலு பேர் நடந்துவருவதற்கு வேண்டிய அளவு விலகி வழிவிட்டது.

படம் எடுத்தவனின் குரல் தெளிவாகக் கேட்டது.

“அதான் ஆள் வந்துட்டாங்கல்ல, நாம வேற எதுக்கு?”