லிப்ட் நின்ற காரணம்

தேர்வாளரோடு ஒரே லிப்டில் மாட்டிக்கொள்ளும் பாக்கியம் எல்லோருக்கும் வாய்க்காது. தத்துவத்துறை இறுதியாண்டு மாணவர்களான எங்கள் மூவருக்கு வாய்த்தது.

பதினொரு மணிக்கு ஐந்தாம் மாடியில் வாய்மொழித் தேர்வு. கூப்பிடும்போது இல்லாவிட்டால் அடுத்த வருடம்தான். போன வருடம் நான் அதில் கோட்டைவிட்டவன். இந்த முறையும் போனால் சித்தப்பாவின் டயர் கடையில் உட்கார வேண்டியதுதான் என்று அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

கதவு மூடப்போகும் நேரத்தில் மூவரும் உள்ளே பாய்ந்தோம். பட்டன் பலகையை ஒட்டி, நரைத்த மீசையும் கனத்த தோல்பையுமாக ஒருவர் நின்றிருந்தார். வெளியூர்த் தேர்வாளர் வருகிறார் என்று காலையிலிருந்தே பேச்சு. எங்களைப் பார்த்ததும் அவர் கையை உயர்த்தினார். நாங்கள் பணிவாக வணக்கம் சொன்னோம்.

மூன்றாம் மாடி தாண்டியதும் லிப்ட் நின்றது. பெரிய விளக்கு அணைந்து, மூலையில் சின்ன விளக்கு எரிந்தது.

“தம்பி, ஒண்ணு சொல்லணும்,” என்று அவர் ஆரம்பித்தார்.

“நீங்க கேக்கவே வேணாம் சார், நாங்களே சொல்லிடறோம்,” என்றேன். “இந்த லிப்ட் ஏன் நின்னுச்சு? இதுலேருந்தே ஆரம்பிக்கலாம்.”

எங்களில் ஒருவனுக்கு ‘விதி’ என்று பட்டப்பெயர். “இது இங்க நிக்கணும்னு உலகம் உண்டானப்பவே முடிவாயிடுச்சு சார்,” என்றான்.

‘சந்தேகம்’ என்று நாங்கள் கூப்பிடும் மற்றவன் விடவில்லை. “நின்னுச்சுன்னு முதல்ல யாரு சொன்னது? நமக்கு அப்படித் தோணுது, அவ்வளவுதான்.”

இருவரையும் ஓரங்கட்டிவிட்டுப் பேச்சை நான் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு காரணத்துக்கும் பின்னால் இன்னொரு காரணம், அதற்கும் பின்னால் இன்னொன்று என்று போய்க்கொண்டே இருந்தேன். முதல் காரணம் மனித அறிவுக்கு எட்டவே எட்டாது என்று அடித்துச் சொன்னேன். டயர் கடையை நினைக்க நினைக்கப் பேச்சு கொட்டியது.

அவர் இரண்டு முறை வாயைத் திறந்தார். இரண்டு முறையும், “முடிச்சிடறேன் சார்,” என்று கும்பிட்டேன். பிறகு அவர் கடிகாரத்தைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். மதிப்பெண்தான், வேறென்ன.

மணி பதினொன்று தாண்டியது. எங்களுக்குத் துளியும் கவலையில்லை. தேர்வாளரே இங்கே நிற்கும்போது மேலே தேர்வு எப்படி நடக்கும்? நாங்கள் தர்க்கமும் படித்தவர்கள்.

பதினொன்று இருபதுக்கு அவர் நோட்டை மூடினார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “எங்களுக்கு எவ்வளவு மார்க் போட்டிருக்கீங்க சார்?” என்றேன்.

“மார்க்கா?” என்றவர், சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துப் பலகையில் போட்டுத் திருகினார். லிப்ட் சாதுவாக மேலே கிளம்பியது.

“கரண்ட் போனா எரியற அந்தச் சின்ன விளக்கு அரை மணி நேரம் எரியுதான்னு பாக்க, லிப்டை நான்தான் தம்பி நிறுத்தினேன்.”